லடாக்கில் அலுவலகச் சுற்றுலா: முதல் இரண்டு நாள்களை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் அலுவலகத்திலிருந்து பதினாறு பேர் செப்டம்பரில் டெல்லி வழியாக விமானத்தில் லே சென்று ஐந்து நாள் தங்கவிருக்கிறோம். இறங்கிய அன்று மாலை கேம்ப்ஃபயரும் விளையாட்டுப் போட்டிகளும், மறுநாள் கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, மூன்றாம் நாள் பாங்காங் ஏரி என்பது திட்டம். பாதிப் பேர் புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள். எல்லோரும் கலந்து பழக வேண்டும் என்பதே நோக்கம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நோக்கத்தில் குறையில்லை, நிகழ்ச்சிகளை அடுக்கிய வரிசைதான் ஆபத்தானது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையைப் போலவே அங்கும் 21 விழுக்காடுதான் என்றாலும், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. உயர நோயின் அறிகுறிகளான தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி ஆகியவை பெரும்பாலும் இறங்கிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். அதாவது, சரியாக உங்கள் போட்டிகள் நடக்கும் நேரத்தில்.

ஆகவே முதல் 48 மணி நேரம் லேயிலேயே ஓய்வாக இருங்கள். ஓய்வு என்றால் ஆளுக்கொரு அறையில் முடங்குவது அன்று. விடுதிக் கூடத்தில் சூடான துக்பாவோடு (நூடுல்ஸ் சூப்) உட்கார்ந்து, சீட்டாட்டம், அந்தாக்ஷரி, அரட்டை என்று பொழுதைக் கழிக்கலாம். இரண்டாம் நாள் மாலையில் கடைவீதியில் மெதுவாக நடக்கலாம். மாடிப்படி ஏறினாலே மேலாளருக்கும் புதிய ஊழியருக்கும் ஒன்றுபோல மூச்சு வாங்கும் ஊர் அது. பழகுவதற்குத் தனியாகப் போட்டி எதுவும் தேவைப்படாது. மதுவையும் தூக்க மாத்திரையையும் அந்த இரண்டு இரவுகளிலாவது தவிர்த்துவிடுங்கள். இரண்டுமே உறக்கத்தில் சுவாசத்தை மந்தமாக்குபவை.

மூன்றாம் நாள் லேயைவிடத் தாழ்வான நிம்மு, ஆல்ச்சி பக்கம் செல்லலாம். நான்காம் நாள், யாருக்கும் தலைவலி இல்லையென்றால், கர்துங் லா வழியாக நுப்ரா சென்று தங்கி மறுநாள் லே திரும்பலாம். அந்தக் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல் இருப்பதால், படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். பாங்காங்கின் உயரம் 4,200 மீட்டருக்கும் மேல். ஐந்து நாள் பயணத்தில் அங்கே இரவு தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுவலகக் குழுக்களில் எனக்குக் கவலை தருவது உயரத்தைவிடக் கூச்சம்தான். மேலாளர் ஜீப்பில் ஏறிவிட்டார் என்பதற்காகவே, இரவெல்லாம் வாந்தி எடுத்த புதிய ஊழியரும் ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொள்வார். தினமும் உடற்பயிற்சி செய்பவருக்கு உயர நோய் வராது என்பதும் உண்மையன்று. உடல் வலுவை நம்பி முதல் நாளே ஓடியாடுவதால் அவர்களே முதலில் படுப்பதும் உண்டு. எனவே அறைத்தோழர்கள் காலையில் ஒருவரையொருவர் விசாரிக்கட்டும். பயணத்தை நிறுத்தும் அதிகாரத்தைக் குழுவில் பதவி பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். முதலில் மேலாளரே தம் தலைவலியை வாய்விட்டுச் சொல்லட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்து யாருக்கு எவ்வளவு என்று பந்தயம் கட்டாதீர்கள். முதல் நாளில் இரத்த ஆக்சிஜன் அளவு 88 விழுக்காடு காட்டுவது அங்கே பலருக்கும் இயல்பு.

இதய நோய், நுரையீரல் நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் புறப்படுவதற்கு முன்பே தத்தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த விவரங்களை அலுவலகப் படிவத்தில் கேட்டு வாங்காதீர்கள். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை பெரும்பாலும் 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, பயணத்துக்கு முந்தைய நாளிலிருந்து கொடுக்கப்படுகிறது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதால், ஒருவரின் மருந்துச் சீட்டைக் காட்டி எல்லோருக்கும் வாங்கக் கூடாது. விரல் நுனி மரத்துப்போவதும் சோடா சப்பென்று இருப்பதும் அதன் பக்கவிளைவுகளே.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஓயாத இருமல், நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க முடியாத தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆக்சிஜன் கொடுத்து, தாழ்வான இடத்துக்கு இறக்க வேண்டும். லேயில் இருந்தால் உடனே மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்காகவே ஒரு வண்டியைக் கூடுதலாகப் பேசி வையுங்கள். உடன் செல்பவர் யார் என்பதையும் சென்னையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.