அம்மாவின் வேலையையும் எழுதுங்கள்

கேள்வி: என் அம்மா 1957-ல் அரசு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, 1993-ல் ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றவர். சென்ற ஐப்பசியில் தம் 89-ஆம் வயதில் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறோம். "கணவரைத் தெய்வமாக மதித்தார், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார் என்று எழுதினால் போதும், ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் எதற்கு?" என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது மனக்குறைதான். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அம்மா. தீபாவளி விடியற்காலையில் வீட்டில் இல்லாத அம்மா. வேலையிலிருந்து வந்தால் குளிக்கும்வரை எங்களைக் கிட்டே வரவிடாத அம்மா. அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டதும் இதே அம்மாதான். எதை எழுதுவது, எதை விடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அண்ணன் சொல்லும் அந்த வரிகளை எந்த வீட்டு அம்மாவின் படத்துக்குக் கீழேயும் போட்டுவிடலாம். குளிக்கும்வரை பிள்ளைகளைக் கிட்டே சேர்க்காத அம்மா உங்கள் அம்மா. அங்கிருந்தே தொடங்குங்கள்.

அவர் பணியில் சேர்ந்த 1957-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது, பயம் போகவில்லை. நோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் பிரித்து வைத்தால்தான் குடும்பம் பிழைக்கும் என்று படித்தவர்களும் நம்பினார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுபவரும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமாகிறார் என்பதை, சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான் 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. அப்படி வைத்துக்கொள்வதால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் அதே ஆய்வுகளில்தான் தெரியவந்தது. அந்தத் தெளிவு ஒரு மாவட்டத்து வார்டு வரைக்கும் வந்து சேர எத்தனை காலம் ஆகியிருக்கும்! காசநோய் காற்றில் பரவுவது, சேலையில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்று இன்று நாம் நிதானமாகச் சொல்கிறோம். ஆனால் காலரா நோயாளியின் வாந்தியும் பேதியும், புண்ணின் சீழும் பட்ட உடுப்போடு பிள்ளையைத் தூக்காமலிருந்தது அன்றும் சரி, இன்றும் சரி. கொல்லைப்புறத்தில் நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்ட அந்த நேரத்தில் அவர் உங்களைத் தள்ளி வைக்கவில்லை. அவரால் முடிந்த காவலை உங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பகல் தூக்கமும் அப்படித்தான். இரவுப் பணி என்றால் ஒரு நாளோடு முடிவதில்லை, தொடர்ந்து பல நாட்கள் வரும். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. கட்டில் நிறைந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் சேர்த்து ஒரே ஒருவர் இரவெல்லாம் பார்த்த வார்டுகளை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. பென்சிலின் ஊசியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுப்பிப் போட வேண்டியிருந்த காலம் அது. சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும் மருந்து பாட்டில் தீர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும், விடிந்ததும் அடுத்தவரிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து உலை வைத்த பிறகே அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். சந்தேகமிருந்தால் அண்ணனிடம் கேளுங்கள், பெரியவருக்கு நினைவிருக்கும்.

அவருடைய கைகள் என்ன செய்தன என்பதை மலரில் விரிவாக எழுதுங்கள். இன்றைய பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. அவர் பணிக்காலத்தின் பெரும்பகுதி கண்ணாடி சிரிஞ்சின் காலம். போட்ட ஊசியைக் கழற்றி, கழுவி, கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்துப் பூட்ட வேண்டும். முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். ரப்பர் கையுறைகளைத் துவைத்து, உலர்த்தி, ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, பவுடர் தடவி மறுபடி ஆவியில் வேகவைத்தார்கள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை அளவாக வெட்டி மடித்து, கிருமி நீக்கும் டிரம்மில் அடுக்குவது வேலையில்லாத நேரத்து வேலை. இதில் ஒரு நாள் ஒரு படி தவறினாலும், சரியாகப் பிரசவமான தாய் காய்ச்சலில் போய்விடுவாள். தவறாமல் பார்த்துக்கொண்டதற்குப் பதக்கம் எதுவும் கிடையாது, ஏனென்றால் நடக்காத சாவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அண்ணன் மீது கோபப்படாதீர்கள். அவருடைய தயக்கத்துக்குப் பழைய வேர் இருக்கிறது. அன்று நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்பப் பல குடும்பங்கள் அஞ்சின. அந்நிய ஆண்களின் உடம்பைத் தொடுகிற வேலை, இரவில் வெளியே தங்குகிற வேலை என்று பேசினார்கள். வரன் பார்க்கும்போது அதை மென்று விழுங்கினார்கள். உங்கள் வீட்டுத் திருமணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய வேலை அச்சாகியிருக்கும். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால், அந்தக் குடும்பத்தை 36 ஆண்டுகள் சம்பளத்தாலும் தாங்கிய ஒரு பெண்ணின் தொழில் அவர் குடும்பத்து அச்சில் ஒருமுறைகூட வரவில்லை என்று பொருள். இந்த மலரில் வரட்டும். முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழேயே வரட்டும்.

அப்பாவின் ஒன்பது ஆண்டுகளை அண்ணனே எழுதட்டும். கேட்டுப் பாருங்கள், அவர் மறுக்கமாட்டார். ஆனால் பதிபக்தி என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். அப்பாவுக்குப் படுக்கைப் புண் வந்ததா என்று கேளுங்கள். பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்; புரையேறாமலிருக்க, சாய்த்து உட்காரவைத்து ஊட்ட வேண்டும். அன்பு மட்டும் இருந்தால் இதெல்லாம் வந்துவிடாது. எவ்வளவோ பாசமுள்ள வீடுகளில் நோயாளியின் முதுகு புண்ணாகிக் கிடப்பதைப் பார்க்கிறோம். உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த மனைவி பயிற்சி பெற்ற நர்ஸ். அந்த ஒன்பது ஆண்டுகளில் எது மனைவியின் பணிவிடை, எது நர்ஸின் வேலை என்று பிரிக்க அண்ணன் முயலட்டும், பிரிக்க வராது. அதோடு, அந்த ஆண்டுகளில் அம்மா எங்காவது வெளியூர் போனாரா, ஒரு முழு இரவு தூங்கினாரா, அவரை மாற்றிவிட யார் வந்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பதில் சங்கடமாக இருந்தாலும் எழுதட்டும்.

இனி, தகவல் சேர்ப்பது. முதலில் மனிதர்கள். அவரோடு வேலை பார்த்த, அவர் வயதையொட்டிய தோழிகளில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். போனில் பேசாமல் நேரில் போங்கள், பேரப்பிள்ளை ஒருவரை அழைத்துப் போய்க் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "அம்மா எப்படி?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எந்த வார்டைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது, யாரோடு சண்டை போட்டார், எந்த டாக்டரிடம் "இந்த மருந்தளவு சரியில்லை" என்று சொன்னார், புதிதாக வந்த பெண்களை எதற்காகத் திட்டுவார் என்று கேளுங்கள். அப்போது உங்களுக்குத் தெரியாத ஒரு பெண் பேச்சில் எழுந்து வருவார்.

பிறகு காகிதங்கள். சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. அதன்படி அவர் பெற்ற பதிவுச் சான்றிதழ் எங்காவது டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும். ஓய்வூதிய ஆணையும் வீட்டிலேயே இருக்கும். எந்த ஊரில் எப்போது வேலை பார்த்தார் என்பதெல்லாம் பணிப்பதிவேட்டில் இருக்கும். கடைசியாகப் பணிபுரிந்த அலுவலகத்தில் வாரிசு என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். எடுத்த பிரசவ விடுப்பு, அதன் தேதிகள், மறுபடி பணியில் சேர்ந்த நாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் பிறந்து எத்தனை நாளில் அவர் வார்டுக்குத் திரும்பினார் என்று பார்த்தால், உங்கள் மனக்குறைக்கே வேறொரு முகம் தெரியலாம்.

ஒரு எச்சரிக்கை. தோழிகள் பேசும்போது நோயாளிகளின் கதைகளும் வரும்: கலைந்த கரு, மறைத்த நோய், விஷம் குடித்த பெண். அவற்றைப் பெயர் இல்லாமலும் அச்சிடாதீர்கள், சின்ன ஊரில் அடையாளம் தெரிந்துவிடும். அம்மா அவற்றை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார் என்றால், அது அவர் காப்பாற்றிய தொழில் ஒழுக்கம்.

உங்கள் மனக்குறையை என்ன செய்வது? அதையும் எழுதுங்கள். தீபாவளி விடியலில் அம்மா இல்லாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டதை, யார் தேய்த்துவிட்டார்கள் என்பதோடு எழுதுங்கள். பிள்ளைகள் அம்மாவுக்காக ஏங்கியிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஓர் இழுக்கும் இல்லை. பட்டாசில் சுட்டுக்கொண்ட யார் வீட்டுக் குழந்தையோ அதே விடியலில் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் சமாதானம் எதுவும் எழுத வேண்டாம், படிக்கிறவர்களுக்குப் புரியும்.

வண்ணப் படங்களும் கவிதைகளும் குறைவாக இருக்கட்டும். மலர் பதினாறு பக்கம் வந்தால் போதும். எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அண்ணனை உட்காரவைத்து முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தி "இது இப்படி இல்லை" என்கிறாரோ, அங்கே அவர் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அந்தத் தோழிகளில் மூத்தவர் யாரோ, அவர் வீட்டுக்கு இந்த வாரமே கிளம்புங்கள்.