தீப்பிடித்த பந்து

அன்புள்ள ஐயா,

விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன். வீடியோ கேமைப் பற்றி உங்களிடம் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வந்த அக்கா மகன் எனக்கு இரண்டு விளையாட்டுகளைக் காட்டினான். இரண்டும் பழையவையாம். ஒன்று கூடைப்பந்து, பக்கத்துக்கு இரண்டே பேர். தங்கள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு துள்ளி, காற்றில் கரணம் அடித்து, பந்தை வளையத்துக்குள் இறக்குகிறார்கள். பிடித்துத் தள்ளினாலும் கேட்க ஆளில்லை. திடீரென்று பந்து தீப்பிடித்து எரிகிறது. இன்னொன்று மல்யுத்தம். அதில் ஒருவன் எதிராளியைக் கல்லறைக் கல்லால் அடிக்கிறான்.

முதல் பத்து நிமிடம் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. கம்ப்யூட்டரோடு ஆடும்போது பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தேன். கடைசி ஒரு நிமிடத்தில், சொல்லிவைத்த மாதிரி, நான் எறிந்த எதுவும் விழவில்லை. அது எறிந்த எல்லாம் விழுந்தது. "மாமா, எல்லா பட்டனையும் சேர்த்து அமுக்காதீங்க" என்கிறான் பையன். ஆனால் அப்படி அமுக்கித்தான் சில ஆட்டங்களை ஜெயித்தேன்.

நான் கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவன். விதிகளே இல்லாத இதை எப்படி விளையாட்டு என்பது? விளையாட்டைப் பிடிக்காதவர்கள் கேலிக்காகச் செய்ததா? மல்யுத்தக் காட்சி ஏற்கெனவே பாதி நாடகம்தானே, அதை இன்னும் ஊதிப் பெருக்குவதில் என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

பத்து நிமிடம் சிரிப்பு, பிறகு எரிச்சல். எனக்கும் இதே வரிசையில்தான் நடந்தது. நண்பர் ஒருவரின் அறையில், அவர் கையில் ஒரு கன்ட்ரோலர், என் கையில் ஒன்று. நானும் எல்லா பட்டனையும் அமுக்கினேன். என்ன செய்தேன் என்றே தெரியாமல் ஒரு ஆட்டத்தை ஜெயித்தும்விட்டேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஏழு ஆட்டங்களில் என்னைத் துவைத்து எடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில்தான் அவர் எதையோ எண்ணிக்கொண்டு ஆடுகிறார் என்பது எனக்கு உறைத்தது.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லோடு மட்டும் எனக்குச் சண்டை. பந்து 'திடீரென்று' தீப்பிடித்தது என்கிறீர்கள். நீங்கள் விவரிப்பது என்பிஏ ஜாம், அல்லது அதன் வழிவந்த ஏதோ ஒன்று. அதில் பந்து சும்மா பற்றிக்கொள்வதில்லை. ஒரே ஆட்டக்காரர் தொடர்ந்து மூன்று முறை கூடையில் போட்டால்தான் தீப்பிடிக்கும். பிறகு அவருடைய எறிதல் துல்லியமாகும், ஓட்டத்துக்கு உந்துதல் தரும் டர்போ தீராது. எதிரணி ஒரு கூடை போட்டுவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். என் நண்பர் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தான். இரண்டு கூடை போட்டுவிட்ட ஒருவரைப் பார்த்ததும் அவர் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஆள் மேல் போய் விழுவார். பந்து வேறு யாரிடமாவது இருந்தால் கவலையே படமாட்டார். பட்டன்களை அள்ளி அமுக்கிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவே இல்லை.

விதியே இல்லை என்பதும் சரியல்ல. ஃபவுல் கிடையாது, அதனால் ஃபவுலுக்கு ஈடாகத் தடையின்றி எறியும் ஃப்ரீ த்ரோ கிடையாது, எல்லைக்கோடு தாண்டிப் பந்து போவது கிடையாது. ஆனால் வளையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் பந்தைத் தட்டிவிட்டால் அது கோல்டெண்டிங், எறிந்தவருக்குப் புள்ளி. பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்த முடியாது, கடிகாரம் ஓடும். எதைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள், எதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் விதிகள் எல்லாம் போய்விட்டன. ஆட்டத்தை ஓடவைக்கும் விதிகள் அப்படியே இருக்கின்றன. தீப்பிடித்தவருக்கு மட்டும் கோல்டெண்டிங் விதியும் பொருந்தாது என்பது கூடுதல் குறும்பு.

ஏன் இப்படி? இதற்கு ஒரு மிகச் சாதாரணமான காரணம் உண்டு. 1993-ல் சிகாகோவின் மிட்வே நிறுவனம் இதைச் செய்தது வீட்டுக்காக அல்ல, காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்துக்காக. ஆட்டத்தின் ஒரு கால்பகுதி மூன்று நிமிடம். அது முடிந்தால் அடுத்ததற்கு மறுபடியும் காசு போட வேண்டும். பத்து எந்திரங்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும் கூடத்தில், நடந்துபோகிறவரை நிறுத்த வேண்டும். நின்றவருக்கு அரை நிமிடத்தில் புரிய வேண்டும். மூன்று நிமிடத்தில் அவர் நெஞ்சு படபடக்க வேண்டும். அந்த இடத்தில் ஃப்ரீ த்ரோவுக்கு வரிசைகட்டி நிற்பதை யார் பார்ப்பார்கள்? வானத்தைத் தொடும் துள்ளல், எரியும் பந்து, 'பூம்ஷகலக்கா' என்று தொண்டை கிழியக் கூவும் டிம் கிட்ஸ்ரோவின் குரல் எல்லாம் அந்த இரைச்சலுக்குள் பிறந்தவை. கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையைத்தான் அந்தக் குரல் செய்கிறது. யார் வருகிறார், என்ன செய்தார், எவ்வளவு பெரிய செயல் அது என்று அறிவிக்கிறது. நடுநடுவே கிண்டலும் அடிக்கிறது.

உங்கள் பன்னிரண்டு புள்ளிகள் கரைந்த கதைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறீர்கள். ஆம், ஏமாற்றப்பட்டீர்கள். பின்தங்கிய அணிக்கு ரகசியமாகக் கைகொடுக்கும் கணக்கு ஒன்று அந்த நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இருபது புள்ளி பின்னால் இருக்கிறவர் நான்காவது கால்பகுதிக்குக் காசு போடமாட்டார், இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறவர் கட்டாயம் போடுவார். இதை எனக்குப் பிடித்த ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். இரண்டு மனிதர்கள் ஆடும்போது, நன்றாக ஆடுகிறவரின் உழைப்பிலிருந்து ஒரு பங்கை எடுத்து மற்றவரிடம் கொடுப்பது நியாயமே இல்லை. வீட்டுக்கு வந்த பதிப்புகள் சிலவற்றில் இதை அணைத்துவைக்க வழி உண்டு. அக்கா மகனிடம் கேளுங்கள். அவன் தெரியாது என்று சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

விளையாட்டைப் பிடிக்காதவர்கள் செய்தது என்ற ஊகத்துக்கு வருவோம். என்பிஏ ஜாமை வடிவமைத்த மார்க் டர்மல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகர். அந்நாளில் சிகாகோ புல்ஸ் அவர்களின் பெரும் எதிரி. அதனால், நெருக்கமான ஆட்டத்தில் சிகாகோ அணி டெட்ராய்டுக்கு எதிராகக் கடைசி நொடியில் எறியும் பந்து தவறிப்போகும்படி நிரலில் கைவைத்துவிட்டார்! பின்னாளில் அவரே இதை ஒப்புக்கொண்டார். சிகாகோவிலேயே உட்கார்ந்துகொண்டு செய்த வேலை இது. விளையாட்டைப் பிடிக்காத ஒருவருக்கு இவ்வளவு சின்னத்தனம் வராது. வெறிபிடித்த ரசிகருக்குத்தான் வரும்.

ரசிகரின் மனதில் ஒரு கூடை எப்படிப் பதிகிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கல்லூரியில் போட்ட ஏதாவது ஒரு கூடையை இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தத் துள்ளல் ஒரு விரற்கடை ஏறியிருக்கும். நம் அணியிலக்கணக்காரர்கள் இதற்கு உயர்வு நவிற்சி என்று பெயர் வைத்தார்கள். பரணி பாட வேண்டுமென்றால் தலைவன் போரில் ஆயிரம் யானைகளை வென்றிருக்க வேண்டும் என்று பாட்டியல் நூலார் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தப் புலவன் போர்க்களத்தில் நின்று யானைகளை எண்ணினான்? ஆனால் அந்த ஆயிரத்துக்குக் கீழே உண்மையான ஒரு போர் இருந்தாக வேண்டும். எரியும் பந்துக்குக் கீழே உண்மையான மூன்று கூடைகள் இருப்பதுபோல.

1997-ல் அதே நிறுவனம் அமெரிக்கக் கால்பந்தை வைத்து என்எஃப்எல் பிளிட்ஸ் செய்தது. பதினொருவருக்குப் பதில் ஏழு பேர். பத்து கெஜத்துக்குப் பதில் முப்பது கெஜம் போனால்தான் அடுத்த சுற்று வாய்ப்புகள். தண்டனைகள் கிடையாது. ஆட்டம் நின்ற பிறகும் கீழே கிடப்பவர் மேல் பாய்ந்து விழலாம். முரட்டுத்தனத்தைக் குறைக்கச் சொல்லி, நிஜ ஆட்டங்களை நடத்தும் என்எஃப்எல் லீக்கே கேட்டுக்கொண்டது. எனக்கு அந்த விளையாட்டு அவ்வளவாக ஒட்டவில்லை, அமெரிக்கக் கால்பந்தே ஒட்டாததால் இருக்கலாம்.

மல்யுத்தம் பற்றிய உங்கள் கேள்விதான் கடினமானது. கூடைப்பந்தை மிகைப்படுத்தலாம், ஏனென்றால் அது மிகையில்லாமல் தொடங்குகிறது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அடி விழும் முன்பே துள்ளி விழுகிற ஒரு காட்சியை எங்கே கொண்டுபோய் மிகைப்படுத்துவது? பெருங்காயத்துக்கே பெருங்காயம் போடுவதுபோல அல்லவா?

நீங்கள் ஆடியது 1995-ன் ரெஸ்ல்மேனியா ஆர்கேட் விளையாட்டு என்று நினைக்கிறேன். கல்லறைக் கல்லால் அடிப்பவர் அண்டர்டேக்கர். இதுவும் மிட்வேதான். மோர்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டில் செய்ததுபோலவே உண்மையான ஆட்களைப் படம்பிடித்து உள்ளே வைத்தார்கள். டோயிங்க் என்ற கோமாளி பெரிய சுத்தியலை எங்கிருந்தோ உருவுவார், பாம் பாம் பிகிலோவின் கைகளில் நெருப்பு எரியும். கவனித்தால் ஒன்று தெரியும். அண்டர்டேக்கர் மேடையில் பிணம் புதைப்பவராக வேடம் கட்டுபவர், அதனால்தான் கல்லறைக் கல். பிகிலோவின் உடையிலேயே தீச்சுடர்கள் இருக்கும். வேடத்துக்குள் இருந்ததைத்தான் வெளியே இழுத்திருக்கிறார்கள். மேடையில் 'இவன் சாவின் தூதன்' என்று பாவனை செய்யத்தான் முடியும். திரையில் அதற்குக் கைகால் முளைத்துவிடுகிறது. ஒன்றிரண்டு மணிநேரத்தில் அலுத்துவிடும் என்பதும் உண்மை. கல்லறைக் கல்லை ஐம்பதாவது முறை பார்க்கும்போது அது வெறும் கல்.

அலுக்காத வழி ஒன்று இருந்தது. 2000-ல் நின்டெண்டோ 64 என்ற வீட்டு எந்திரத்துக்கு வந்த நோ மெர்சி மல்யுத்த விளையாட்டைக் கிடைத்தால் ஆடிப் பாருங்கள். ஜப்பானின் ஏகேஐ நிறுவனம் செய்தது. பட்டனைத் தட்டினால் இலேசான பிடி, அழுத்திப் பிடித்தால் வலுவான பிடி. அந்த அழுத்தும் நேரத்துக்குள் எதிராளி முந்திக்கொள்ளலாம். பிடியில் சிக்கியவரும் சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் ரிவர்சல் செய்து தப்பலாம். எல்லா பட்டனையும் அள்ளி அமுக்குகிறவர் இங்கே மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்கமாட்டார். இன்னொரு நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. சண்டைக்கு நடுவில் நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, எதிராளியை எள்ளி நகையாடலாம். மேலோட்டமாகப் பார்த்தால் வீண் அலட்டல். ஆனால் அதைச் செய்தால் உங்கள் ஆளின் உற்சாக மீட்டர் ஏறும். அது உச்சத்துக்குப் போனால்தான் அவருடைய பெயர்பெற்ற கடைசி அடியைப் போட முடியும். அதாவது, அலட்டிக்கொள்ளாமல் ஜெயிப்பது கடினம். மல்யுத்தக் காட்சியில் கூட்டத்தின் ஆரவாரம்தான் உண்மையான பலம் என்பதை ஒரு மீட்டருக்குள் அடக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மேடையில் முடிவு எழுதப்பட்டுவிட்ட ஒரே விளையாட்டு இது. வீடியோ கேமில் கையில் எடுத்ததும் முடிவு யாருக்கும் தெரியாததாகிவிடுகிறது. பாதி நாடகம் என்று நீங்கள் சொன்ன விஷயம் இங்கே முழுப் போட்டியாகிறது. கடைசி நொடிக் கூடையில் எழுத்தாளர் கை இருந்தது கூடைப்பந்தில்தான்!

பிற்காலத்தில் வந்தவை எனக்குக் கலவையாகவே பட்டன. 2011-ன் ஆல் ஸ்டார்ஸ், மல்யுத்த வீரர்களைப் பொம்மைகள்போல உப்பவைத்து, மேடைக்கு மேல் பல அடி உயரத்தில் பறக்கவிட்டது. பார்க்க அழகு. 2020-ன் பேட்டில்கிரவுண்ட்ஸில் மேடைக்கு அருகே ஒரு முதலை வாய் பிளந்து காத்திருக்கும், எதிராளியை அதற்குப் போடலாம். முதல் தடவை சிரித்தேன். ஆனால் அந்த முதலை எந்த வீரருடையதும் அல்ல, யாருடைய மூன்று கூடைக்கும் அது பரிசல்ல. யார் போட்டாலும் கடிக்கும். கல்லறைக் கல்லாவது அண்டர்டேக்கருடையது.

சரி, உங்களுக்குப் பயன்படும் இரண்டு விஷயம். கூடைப்பந்தில் டர்போவைத் தொடர்ந்து பிடித்துவைக்காதீர்கள். அது தீர்ந்தபின் நீங்கள் நொண்டுவீர்கள், பையன் பறப்பான். துள்ளலின் உச்சியில் பட்டனை விடுங்கள், ஏறும்போதோ இறங்கும்போதோ வேண்டாம். நிஜக் கூடைப்பந்து ஆடிய கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். மல்யுத்தத்தில் முதல் பிடியை அவன் போடட்டும் என்று விட்டுவிட்டு ரிவர்சலுக்குக் காத்திருங்கள். பிறகு கொஞ்சம் அலட்டிக்கொள்ளுங்கள், மாமா என்ற மரியாதை அவனைத் தடுக்கும்.

நீங்கள் எந்த அணியை வைத்து ஆடினீர்கள் என்று எழுதவில்லை. சிகாகோ என்றால், எதிரே டெட்ராய்ட் என்றால், அந்தக் கடைசிப் பந்துக்காக உங்கள் விரல்களைத் திட்ட வேண்டாம். அடுத்த முறை அக்கா மகனைச் சிகாகோ எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் டெட்ராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.

அன்புடன்