கருவியைச் செம்மையாக்கினால் எதிர்காலம் முழுவதும் தெரிந்துவிடுமா?

கேள்வி: துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று படித்தேன். இன்னும் நுட்பமான கருவி வந்தால் இக்குறை நீங்குமா? நீங்காதெனில், கிரகணக் கணிப்பையும் வானிலை அறிவிப்பையும் எந்த அளவுக்கு நம்புவது?

பதில்: நீங்காது, அது கருவியின் குறையே அன்று. 1927இல் இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் முன்வைத்த நிச்சயமின்மைக் கோட்பாட்டை, அளக்கும்போது துகளைக் கலைத்துவிடுகிறோம் என்று விளக்குவது வழக்கம். ஹைசன்பர்க்கும் தொடக்கத்தில் அப்படித்தான் விளக்கினார். ஆனால் அந்த விளக்கம் மாணவர்களைத் திசைதிருப்புகிறது என்றே கருதுகிறேன். குவாண்டம் இயற்பியலில் துகளின் நிலையை விவரிப்பது ஓர் அலை. ஓரிடத்தில் ஒடுங்கிய அலைக்குத் திட்டமான அலைநீளம் இராது. உந்தத்தை, அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவை, தீர்மானிப்பது அலைநீளமே என்பதால், இடம் கூர்மையாகும்போது உந்தம் பரவியே தீரும்.

இந்தப் பரவல் எவ்வளவு என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. அணுவின் அளவுக்குள், அதாவது ஒரு மீட்டரில் ஆயிரங்கோடியில் ஒரு பங்குக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டராவது நிச்சயமின்மை இருக்கும். ஒரு கிராம் எடையுள்ள மணியின் இடத்தை ஒரு மைக்ரோமீட்டருக்குள் அறிந்திருந்தாலோ, அண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் கழிந்த பின்னும், இக்கோட்பாட்டின்படி அதோடு கூடும் குறைந்தபட்ச இடப்பிழை தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நிலவும் பூமியும் அந்த மணியைவிட எத்தனையோ மடங்கு பெரியவை. கிரகணக் கணிப்பை நீங்கள் ஐயுற வேண்டியதில்லை.

வானிலை இரு வாரங்களுக்கு மேல் கணிப்புக்கு அடங்காததன் காரணம் வேறு. தொடக்க நிலையின் சிறு வேறுபாடும் விரைந்து பெருகுவதை வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் காட்டினார். அது நியூட்டனின் விதிகளுக்குள்ளேயே நிகழ்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் பரவலாக உள்ளது.

எல்லாத் துகள்களின் நிலையையும் அறிந்த அறிவுக்கு எதிர்காலம் முழுதும் புலப்படும் என்று 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் எழுதினார். இடமும் உந்தமும் ஒருசேரத் திட்டமாக அமைந்த அந்த நிலையே இயற்கையில் அவர் எண்ணிய வடிவில் இல்லை. எனினும் கணிப்பு இங்கே முடிந்துவிடுவதில்லை. கதிரியக்கத்தால் சிதையும் கார்பன் வகையான கார்பன்-14இன் குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று கூற இயலாது. ஆனால் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அவற்றுள் பாதி சிதைந்துவிடும் என்பதை நம்பியே தொல்பொருள்களின் காலத்தைக் கணிக்கிறோம். அண்டத்துக்கும் இது பொருந்தும். விண்மீன் மண்டலங்களின் விதைகள் தொடக்கக் கணத்தின் குவாண்டம் ஏற்றத்தாழ்வுகளே என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. எந்த மண்டலம் எங்கே தோன்றும் என்று அது சொல்லாது. அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சிய ஒளியான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே உள்ள வெப்பநிலை வேறுபாடுகள் எவ்விதம் பரவியிருக்கும் என்று சொல்கிறது. அக்கதிர்வீச்சை அளக்க 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் அதனோடு நன்கு ஒத்துப்போகின்றன.