700 அடி போட்டால் நல்ல தண்ணீர் வந்துவிடுமா?

கேள்வி: அம்பத்தூரில் வேலை பார்க்கிறோம். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். கோடையில் ஊரே குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறது. சென்னையில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, 700 அடிக்கு போர் போட்டு, தண்ணீரில் உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. பிளான்ட் வைக்க நினைக்கிறோம். ஏஜென்ட் பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். போர் வண்டிக்குக் கூலி அடிக் கணக்கில். அடி கூடினால் ஏஜென்ட்டின் கமிஷனும் கூடும். ஆழம் போனால் உப்பு குறையும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வரும் பேச்சு. உங்கள் பக்கத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரால் அதை மாற்ற முடியாது.

அடுத்து ஏஜென்ட் ஊர் மந்தையில் ஒரு வித்தை காட்டுவார். இரண்டு டம்ளர், ஒன்றில் ஊர்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்ததும் ஊர்த் தண்ணீர் பழுப்பாகிவிடும். பார்த்தவர்கள் பயந்துபோவார்கள். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து, இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருகிறது. ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இந்த வித்தையை நம்பி ஏழை ஜனங்கள் பணத்தைக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, உப்புத் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் பாதிக்கு மேல் கழிவாகவே வெளியேறும், முன்னைவிடக் கூடுதல் உப்போடு. அதை எங்கே விடுவீர்கள்? ஊருணிக்குள் போனால் இருக்கிற நல்ல தண்ணீரும் போச்சு.

ஆனால் ஆர்.ஓ. நிஜமாகவே கைகொடுக்கும் ஓர் இடம் உண்டு: ஃப்ளோரைடு. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. நாக்குக்கு அது தெரியாது. தண்ணீர் தித்திப்பாகக்கூட இருக்கலாம். காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், வருடங்கள் போனால் எலும்பு விறைக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து ஆற்று நீரையே கொண்டுவந்தார்கள். உங்கள் ஊர்த் தண்ணீரில் அளவு மீறியிருந்து, மாற்றுத் தண்ணீரும் இல்லையென்றால், ஆர்.ஓ. வையுங்கள். ஆனால் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

ஃப்ளோரைடு சிக்கல் இல்லையென்றால், அதே பணத்தைக் கூரையில் மழைநீர் பிடிக்கப் போடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். வருடத்துக்கு 800 மி.மீ. என்று வைத்து, சேதாரம் போக, 55,000 லிட்டருக்குக் குறையாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 25 லிட்டர் போதும். முதல் மழையைக் கழித்துவிட்டு மூடிய தொட்டியில் சேமித்து, குளோரின் போடுங்கள். ஊருணியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாருங்கள். ஊருணியை மட்டும் ஜே.சி.பி. விட்டு ஆழமாகத் தோண்டாதீர்கள். அடியில் உள்ள களிமண் உடைந்தால் உப்பு ஏறிவிடும்.

திருச்சி பக்கமிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உங்கள் மாவட்டத்துக்கு இருக்கிறது. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தர மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தர வேண்டும். ஆனால் குழாய் பதித்ததுமே வீடு கணக்கில் ஏறிவிடுகிறது, தண்ணீர் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை குடம் வருகிறது என்று ஊரில் ஒருவர் நோட்டில் குறித்துவைக்கட்டும். அந்த நோட்டோடு கிராம சபையில் எழுந்து கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் தலைமை அலுவலகம் சேப்பாக்கத்தில்தான். மனுவை அங்கேயும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

முதல் வேலையாக, இப்போதுள்ள போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டில்தான் செல்லும். ஏஜென்ட் எடுத்துத் தரும் ரிப்போர்ட் வேண்டாம், நீங்களே நேரில் போய் வாங்குங்கள்.