உடல்வழிப் பயிற்சிப் படிப்புகளில் வருகைப்பதிவில் ஏன் இத்தனை கண்டிப்பு?

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டால் சில நாள் விடுப்பு எடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பாடம் காகிதத்தில் இருந்தால் அந்த வாதம் செல்லும். பிறர் உடலைத் தொட்டு அதன் இறுக்கத்தையும் அசைவையும் சீராக்கக் கற்கும் இந்தப் படிப்புகளில் பாடம் கையில் இருக்கிறது. எவ்வளவு அழுத்துவது, இறுகிய தசை இளகும் கணம் எது, மூச்சு மாறும்போது கையை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள முடியாது.

அதனால்தான் இவை மணிக்கணக்கில் அளக்கப்படுகின்றன. நிற்பது, உட்காருவது, அசைவது போன்ற பழக்கங்களைச் சீராக்கும் அலெக்சாண்டர் முறையில் ஆசிரியராவதற்கு வழக்கமாக 3 ஆண்டுகளில் 1,600 மணி நேரம். மெதுவான, கவனமான அசைவுகள் வழியே உடலைப் பழக்கும் ஃபெல்டென்கிரைஸ் முறையின் ஆசிரியர் பயிற்சிக்குச் சுமார் 800 மணி நேரம். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: பயிற்சி இருவர் இருவராக நடப்பது. நீங்கள் வராவிட்டால் உங்கள் இணையும் சும்மா உட்கார வேண்டும்.

தவறிய வகுப்புக்குப் பெரும்பாலும் ஈடு செய்யலாம். அடுத்த அணியோடு அதே பகுதியில் அமர்வது, ஆசிரியரிடம் தனி அமர்வு எடுப்பது போன்ற வழிகள் உண்டு. தனி அமர்வுக்குக் கட்டணம் யார் கட்டுவது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனக்கசப்பு முளைக்கும் இடம் அது.

மதிப்பீட்டில் எண்களுக்குப் பெரிய வேலை இல்லை. பல இடங்களில் ‘தேர்ச்சி’ அல்லது ‘இன்னும் பயிற்சி தேவை’ என்பதோடு சரி. உடற்கூறியலுக்கு மட்டும் தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கலாம். மற்றபடி ஆசிரியரே மேசையில் படுத்து உங்கள் கையை உணர்ந்து பார்ப்பார். பயிற்சி அமர்வுகளின் பதிவேட்டையும் புரட்டுவார். தொடுவதற்கு முன் அனுமதி கேட்காத மாணவரை, கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், நான் தேர்ச்சி பெற விட மாட்டேன்.