அமெரிக்காவுலயே ரொம்ப மோசமான டீம்கள் இருக்கற ஊர் எது? என் ஓட்டு சார்லட்டுக்கு

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல எந்த ஊரோட ப்ரொஃபஷனல் டீம்கள் எல்லாத்தையும் விட மோசம்? இதைக் கேட்டா பெரும்பாலும் கிளீவ்லாந்துன்னு சொல்லுவாங்க, இல்லன்னா பஃபலோ, சிலர் மினியாபொலிஸ். நான் 2013ல இருந்து நார்த் கரோலினா சார்லட்ல குடும்பத்தோட இருக்கேன், பேங்க் ஐடி வேலை. என் பதில் சார்லட். சொந்த ஊர் மாதிரி ஆயிட்ட இடத்தை இப்படி சொல்றது கஷ்டமாதான் இருக்கு. ஆனா இந்த ஊர் ஜனங்க மேல எனக்கு எந்த குறையும் இல்ல, குறை எல்லாம் டீம்கள் மேலதான். இதை எழுதும்போது 2024-25 சீசன்கள் முடிஞ்சிருக்கு, கணக்கெல்லாம் அது வரைக்கும்தான்.

என் மனைவியோட தம்பி கிளீவ்லாந்து பக்கத்துல இருக்கான். கிளீவ்லாந்துன்னா நம்ம ஆளுங்களுக்கு தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும், அவனுக்கு அந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் பிரவுன்ஸ்தான் உசுரு. பொங்கலுக்கு வந்தப்ப ரெண்டு பேரும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் இதே சண்டைதான். "மாமா, எங்க ஊரு பட்ட கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்"னு ஆரம்பிச்சான். பிரவுன்ஸ் கடைசியா சாம்பியன் ஆனது 1964ல, சூப்பர் பவுல்ல (ஃபுட்பால் ஃபைனல்) இது வரைக்கும் ஒரு தடவை கூட ஆடினதே இல்ல, 1987 ஜனவரில எதிர் டீம் டென்வரோட ஜான் எல்வே பந்தை 98 யார்டு நகத்திட்டு வந்து கழுத்தறுத்தாரு, அடுத்த வருஷம் பிரவுன்ஸ் பிளேயர் எர்னஸ்ட் பைனர் கோட்டு கிட்ட பந்தை நழுவ விட்டாரு, 1995ல ஓனர் டீமையே பால்டிமோருக்கு தூக்கிட்டு போறேன்னு அறிவிச்சாரு, 1999ல திரும்ப ஒரு டீம் வந்தும் 2017ல 16 மேட்ச்ல 16ம் தோல்வி. இதுல ஒண்ணையும் நான் மறுக்கல. பிரவுன்ஸ் ஒரு டீமா ரொம்ப மோசமான டீம்தான்.

ஆனா கேள்வி ஊரைப் பத்தி. அதே கிளீவ்லாந்துல 2016 ஜூன்ல பாஸ்கெட்பால் டீம் கேவலியர்ஸ் ஃபைனல்ல 1-3ன்னு பின்னாடி இருந்து, அந்த சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச வாரியர்ஸை கடைசி மூணு மேட்ச்லயும் தோக்கடிச்சு கப்பு வாங்கினாங்க. லெப்ரான் ஜேம்ஸ் பின்னாடியே ஓடி வந்து இகுடாலா பந்தை தட்டி விட்டது, கைரி இர்விங் போட்ட அந்த த்ரீ (தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட்), இதெல்லாம் பாத்த ஊர் அது. 2024-25ல கூட 64 மேட்ச் ஜெயிச்சாங்க. பேஸ்பால்ல கார்டியன்ஸ் 1948க்கு அப்புறம் கப்பு வாங்கலதான், ஆனா குறைஞ்ச காசுல வருஷா வருஷம் நல்லா ஆடற டீம். அந்த ஊர்ல ஒரு பையன் பொறந்து வளந்தா, சந்தோஷப்பட அவனுக்கு ஒரு நாளாவது இருக்கு.

பஃபலோ விஷயத்துல எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க. அந்த ஊர் ஃபுட்பால் டீம் பில்ஸ் 1991ல இருந்து 1994 வரைக்கும் நாலு சூப்பர் பவுல் வரிசையா தோத்தாங்க, முதல் தடவை 20-19, நார்வுட் அடிச்ச 47 யார்டு கிக் வலது பக்கம் போயிருச்சு. மனசு வலிக்கும், ஒத்துக்கறேன். ஆனா நாலு வருஷம் வரிசையா ஃபைனலுக்கு வந்த வேற டீமே கிடையாது. ஸ்டேட் செகண்ட் வந்த பையனை யாராவது ஃபெயில்னு சொல்லுவாங்களா? துக்கம் வேற, மோசம் வேற. ஹாக்கி டீம் சேபர்ஸ் 2024-25 வரைக்கும் 14 சீசனா பிளேஆஃப் (சீசன் முடிவுல நல்ல டீம்கள் மட்டும் ஆடற சுற்று) பக்கம் போகல, அது நிஜமாவே மோசம், அதனாலதான் பஃபலோவை ரெண்டாவது இடத்துல வெக்கறேன். மினியாபொலிஸ்ல பேஸ்பால் டீம் ட்வின்ஸ் 1987லயும் 1991லயும் ஜெயிச்சிருக்கு, பெண்கள் பாஸ்கெட்பால் டீம் லிங்க்ஸ் நாலு கப்பு வாங்கியிருக்கு, அதை ஏன் யாருமே கணக்குல சேக்கறதில்லன்னு தெரியல. சான் டியேகோவுல மூணு டீம் ஊரை விட்டே ஓடிருச்சு, மிச்சம் இருக்கற பேஸ்பால் டீம் பாட்ரேஸ் நல்ல டீம்.

என் அளவுகோல் இதுதான். ஒரு ஊரு தன் டீமுக்கு என்ன குடுத்துச்சு, டீம் அந்த ஊருக்கு என்ன திருப்பிக் குடுத்துச்சு. இந்தக் கணக்குல சார்லட்டை விட ஏமாந்த ஊர் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

1988ல பாஸ்கெட்பால் டீம் ஹார்னெட்ஸ் ஆரம்பிச்சப்ப இது ஒரு சின்ன பேங்க் ஊர். அஞ்சடி மூணு அங்குல மக்ஸி போக்ஸ், டெல் கறி (ஸ்டெஃப் கறியோட அப்பா), அப்புறம் லேரி ஜான்சன், அலோன்ஸோ மோர்னிங். கிட்டத்தட்ட 24,000 பேர் உக்கார்ற அரங்கம், 364 மேட்ச் தொடர்ந்து டிக்கெட் மொத்தமா வித்துப் போச்சு. என் ஆபீஸ்ல ரிட்டையர் ஆகப் போற ஒருத்தர் இருக்காரு, இந்த ஊர்க்காரர், அந்த காலத்து டிக்கெட் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வெச்சிருக்காரு. ஒரு நாள் கொண்டு வந்து காமிச்சாரு, மையெல்லாம் அழிஞ்சு பச்சை நீலக் கலர் மட்டும் மிச்சம், அதை அவர் எடுத்து வெக்கற விதமே நம்ம வீட்ல பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து வெக்கற மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட ஊருக்கு என்ன கிடைச்சுது? 1996ல டிராஃப்ட்ல (புது பிளேயர்களை டீம்கள் வரிசையா எடுக்கற நிகழ்ச்சி) கோபி பிரையன்ட்டை எடுத்தாங்க, எடுத்து லேக்கர்ஸுக்கு குடுத்துட்டாங்க. ஊருக்கும் ஓனருக்கும் கசந்து போச்சு, 2001ல புது அரங்கத்துக்கு மக்கள் ஓட்டு போட மறுத்தாங்க, 2002ல டீம் நியூ ஆர்லியன்ஸுக்கு போயிருச்சு. 2004ல பாப்கேட்ஸ்னு புது டீம், அதுதான் பின்னாடி மறுபடி ஹார்னெட்ஸ்ங்கற பேரை எடுத்துக்கிச்சு. 2011-12 சீசன்ல அந்த டீம் 66 மேட்ச் ஆடி 7 ஜெயிச்சுது. என்பிஏ (பாஸ்கெட்பால் லீக்) வரலாற்றுலயே அதை விட குறைஞ்ச வெற்றி சதவீதம் கிடையாது. கடைசி 23 மேட்ச் வரிசையா தோல்வி. அப்ப டீமை வாங்கி நடத்தினது மைக்கேல் ஜோர்டான்.

இதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் மச்சான் கிட்ட சொன்னேன், அவன் கொஞ்ச நேரம் பேசல. அமெரிக்கால தோத்த டீம் கீழ் லீக்குக்கு போகாது, அதுக்கு பதிலா காலேஜ்ல இருந்து வர்ற நல்ல பிளேயரை முதல்ல எடுக்க வாய்ப்பு அதிகம் குடுப்பாங்க, பாஸ்கெட்பால்ல அதையும் குலுக்கல் போட்டுதான் முடிவு பண்ணுவாங்க. 2012ல எல்லாரும் காத்திருந்த பிளேயர் ஆன்டனி டேவிஸ். உலகத்துலயே மோசமான சீசன் ஆடின சார்லட்டுக்குதான் வாய்ப்பு அதிகம். குலுக்கல்ல முதல் இடம் யாருக்குப் போச்சு தெரியுமா, நியூ ஆர்லியன்ஸுக்கு. இதே ஊர்ல இருந்து கிளம்பிப் போன அதே டீமுக்கு, இந்த ஊரோட ஹார்னெட்ஸ்ங்கற பேரை இன்னும் சட்டைல போட்டுக்கிட்டு இருந்த டீமுக்கு.

குலுக்கல் அதிர்ஷ்டம், விடுங்க. 2018 அப்படி இல்ல. பதினோராவது இடத்துல ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரை எடுத்து, அன்னைக்கே கிளிப்பர்ஸுக்கு மாத்தி விட்டு மைல்ஸ் பிரிட்ஜஸை வாங்கினாங்க. ஷே 2024-25ல எம்விபி (சீசனோட சிறந்த பிளேயர்), ஓக்லஹோமாவுக்கு கப்பும் வாங்கிக் குடுத்தாச்சு. அதே சீசன்ல சார்லட் 82 மேட்ச்ல 19 ஜெயிச்சுது. நான் மோசம்னு சொல்றது இதைத்தான். கையில வந்ததை யாருன்னு தெரியாம குடுத்து அனுப்பறது, அதுவும் ஒரு தடவை இல்ல.

ஒரே ஒரு தடவை ஊரே நம்பினது 2016 ஏப்ரல்ல. பிளேஆஃப்ல மயாமி கூட முதல் ரெண்டு மேட்ச் தோத்து, அடுத்த மூணையும் ஜெயிச்சு 3-2. இன்னும் ஒண்ணு ஜெயிச்சா போதும், அதுவும் நம்ம ஊர்ல. என் மனைவி அப்ப ஆறு மாசம் முழுகாம இருந்தா, சோபால காலை நீட்டிக்கிட்டு அவதான் என்னை விட அதிகமா கத்தினா. மாசக்கணக்கா ஒரு த்ரீ கூட போடாத மயாமி பிளேயர் டுவைன் வேட் அன்னைக்கு வந்து த்ரீ போட்டாரு, 97-90ன்னு தோத்தோம். ஏழாவது மேட்ச் மயாமில, அதுவும் 106-73 தோல்வி. ஜூலைல எங்க பொண்ணு பொறந்தா. அவ பொறந்ததுல இருந்து 2025 வரைக்கும் ஹார்னெட்ஸ் பிளேஆஃப் சீரீஸ் ஒண்ணு கூட ஆடல. 2021லயும் 2022லயும் பிளேஆஃபுக்கு முன்னாடி நடக்கற ஒத்த மேட்ச்ல நுழைஞ்சு, ரெண்டு தடவையும் 25 பாயிண்டுக்கு மேல அடி வாங்கி வெளிய வந்தாங்க.

கரோலினா ஹரிகேன்ஸ் 2006ல ஹாக்கி கப்பு வாங்கிச்சேன்னு சிலர் கேப்பாங்க. அது ராலே டீம், இங்கிருந்து ரெண்டரை மணி நேரம் கார்ல போகணும். சாக்கர்ல சார்லட் எஃப்சி 2022ல ஆரம்பிச்சாங்க, முதல் ஹோம் மேட்சுக்கு 74,479 பேர், அப்ப அது லீக் ரெக்கார்டு. மழையோ வெயிலோ இந்த ஊர் ஜனங்க கூப்பிட்டா வருவாங்க, அதுக்காகத்தான் இதை சொல்றேன்.

இப்ப இந்த ஊர் ஃபுட்பால் டீம் பேந்தர்ஸ். 1995ல ஆரம்பிச்சாங்க, ஸ்டேடியம் கட்ட ரசிகர்களே சீட்டு உரிமைக்குன்னு தனியா காசு கட்டினாங்க, டிக்கெட் காசு அதுக்கு மேல. 30 சீசன்ல தொடர்ந்து ரெண்டு வருஷம் தோல்வியை விட வெற்றி அதிகமா முடிச்சதே கிடையாது. 2004 பிப்ரவரி சூப்பர் பவுல்ல 29-29ன்னு சமன் பண்ணிட்டு, அடுத்த கிக்கை ஜான் கேசே கோட்டுக்கு வெளிய அடிச்சாரு, பேட்ரியாட்ஸ் அதுல கிடைச்ச இடத்துல இருந்து போய் 4 செகண்ட் இருக்கும்போது 32-29. 2015ல 15-1 (15 வெற்றி, 1 தோல்வி), கேம் நியூட்டன் எம்விபி, சூப்பர் பவுல்ல டென்வர் கிட்ட 24-10. இதெல்லாம் நான் முன்னாடி சொன்ன துக்கம் கணக்குல போகும், மோசம் கணக்குல சேக்க மாட்டேன்.

மோசம் 2018க்கு அப்புறம் வந்தது. புது ஓனர் டேவிட் டெப்பர் வந்ததுல இருந்து ஏழு சீசனும் தோல்விதான் அதிகம், கோச்சுங்க மாறிக்கிட்டே இருந்தாங்க. 2023ல டிராஃப்ட்ல முதல் ஆளா எடுக்கறதுக்காக சிகாகோவுக்கு தங்களோட நல்ல ரிசீவர் (எறியற பந்தை பிடிக்கற பிளேயர்) டிஜே மோரையும் குடுத்து அடுத்த வருஷத்து முதல் ரவுண்டு பிக்கையும் (ஆள் எடுக்கற உரிமை) குடுத்தாங்க, எடுத்தது பந்து எறியற பிளேயர் பிரைஸ் யங். ரெண்டாவதா ஹூஸ்டன் எடுத்த சிஜே ஸ்ட்ரவுட் அந்த வருஷத்தோட சிறந்த புது பிளேயர் ஆனாரு. பேந்தர்ஸ் 2-15. அவ்வளவு கேவலமா ஆடினதால அந்த அடுத்த வருஷத்து பிக் முதல் இடத்துக்கு வந்துச்சு, அது சிகாகோ கையில. பிரைஸ் யங்கை நான் குறை சொல்ல மாட்டேன், முன்னாடி நின்னு காப்பாத்த ஆளில்லாம அந்தப் பையன் வாரா வாரம் அடி வாங்கினதைப் பாத்திருக்கேன். 2024 ஜூன்ல ஸ்டேடியத்தை புதுப்பிக்க சிட்டி கவுன்சில் 650 மில்லியன் டாலர் வரிப்பணம் ஒதுக்கிச்சு. மறுபடியும் ஊரே குடுத்துச்சு.

2023 டிசம்பர் 17. அட்லாண்டா கூட மேட்ச், அப்ப பேந்தர்ஸ் 1-12. நாள் முழுக்க கொட்டற மழை. டிக்கெட் ஒரு காபி விலைக்கு கிடைச்சுது, ஏழு வயசு பொண்ணை கூட்டிட்டு போனேன். மேல் அடுக்குல எங்க வரிசைல நாங்க ரெண்டு பேர், தள்ளி ஒரு வயசான தம்பதி, அவ்வளவுதான். காலி சீட்டு மேல மழை விழற சத்தம் கூட்டத்தோட சத்தத்தை விட அதிகமா கேட்டுச்சு. கொண்டு போன லெமன் ரைஸ் டப்பாவை காருலயே வெச்சுட்டு வந்துட்டோம், அவ பசிக்குதுன்னு ஒரு தடவை கூட சொல்லல. 7-6ன்னு பின்னாடி இருந்து கடைசில பிரைஸ் யங் நனைஞ்ச பந்தை வெச்சுக்கிட்டு 90 யார்டு கொஞ்சம் கொஞ்சமா நகத்திக்கிட்டு வந்தாரு, நேரம் முடியற நொடில கிக், 9-7. அந்தப் பெரியம்மா எந்திரிச்சு வந்து என் பொண்ணை ரெயின்கோட்டோட சேத்து கட்டிக்கிட்டாங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் கார்ல அவ வாய் ஓயல.

ரெண்டு வாரம் கழிச்சு ஜாக்சன்வில்ல 26-0 தோல்வி. அன்னைக்குதான் ஓனர் டெப்பர் மேல இருந்து ஒரு ரசிகர் மேல கூல்டிரிங்க்ஸை வீசினாரு, லீக் 300,000 டாலர் அபராதம் போட்டுச்சு. ஜனவரி 7ல டாம்பா கூட கடைசி ஹோம் மேட்ச், பொண்ணு மறுபடியும் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னா. போனோம். 9-0 தோல்வி. பேந்தர்ஸ் ஒரு பாயிண்ட் எடுக்கறதைப் பாக்கணும்னு கடைசி விசில் வரைக்கும் உக்காந்திருந்தா.