சிலர் ஆண்டால் அதற்கு என்ன பேர்?

வேலூர்ப் பக்கம் இருபத்தெட்டு வருஷம் வரலாறு நடத்தியவன் நான். குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ‘ஒலிகார்க்கி’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டு வந்தார்கள். அதை ஒட்டி மற்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

காட்பாடி மாணவி: சார், ஒலிகார்க்கிக்கு ஒரு புத்தகத்தில் சிலராட்சி, இன்னொன்றில் குழு ஆட்சி, வேறொன்றில் செல்வர் ஆட்சி என்று இருக்கிறது. எதை எழுதுவது?

சிலராட்சி என்றே எழுதும்மா. கிரேக்கத்தில் ‘ஒலிகோய்’ என்றால் சிலர், ‘ஆர்க்கே’ என்றால் ஆளுகை. குழு ஆட்சி எனக்குப் பிடிக்காது. பால் சொசைட்டிக்குக்கூட நிர்வாகக் குழு உண்டு. செல்வர் ஆட்சி என்பது புளூட்டாக்ரசி. ஆனால் அப்படி எழுதியவர் மேலும் முழுத் தப்பு இல்லை. சிலர் ஊர் நன்மைக்காக ஆண்டால் அரிஸ்டாக்ரசி, தங்கள் நன்மைக்காக ஆண்டால் ஒலிகார்க்கி என்று பிரித்த அரிஸ்டாட்டில், தலையை எண்ணுவது முக்கியமில்லை, பணத்தின் பலத்தில் ஆள்கிறார்களா என்று பார் என்றும் சொன்னார். 1990களில் ரஷ்யாவின் அரசுத் தொழில்களைக் கைப்பற்றிய முதலாளிகளை ‘ஒலிகார்க்’ என்று அழைப்பதும் இந்தப் பொருளில்தான்.

ஆற்காட்டுக்காரர்: உத்திரமேரூர் குடவோலையை மக்களாட்சி என்று படித்தோமே, ஐயா?

நானும் அப்படித்தான் நடத்தினேன், பல வருஷம். காஞ்சிபுரம் தாண்டிப் போய்க் கல்வெட்டு இருக்கும் சுவரைப் பார்த்த பிறகுதான் உறுத்தியது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்க முடியாது. அவர் உறவுக்காரரும் நிற்க முடியாது. இதெல்லாம் இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கிற ஏற்பாடு. ஆனால் யார் பெயர் ஓலையில் ஏறும்? கால் வேலிக்கு மேல் (வேலி என்பது நில அளவு) வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70க்குள், அதோடு வேதப் படிப்பு. அது பிராமணர் சபை. உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. ஆக, தேர்ந்தெடுத்த முறை நேர்மையானது, தேர்வான கூட்டம் சிறியது. ‘தேர்தல் முறை’ என்று சொல்லுங்கள், நூற்றுக்கு நூறு சரி. ‘மக்களாட்சி’ என்றால் நான் ஒரு மார்க் குறைப்பேன்.

குடியாத்தம் பக்கத்து இளைஞர்: எங்கள் ஊரில் பெரியதனம், நாட்டாமை எல்லாம் உண்டு. அதுவும் சிலராட்சிதானா?

தம்பி, இந்த வருஷம் பாரதக் கூத்து வைப்பதா வேண்டாமா என்று நாலு பெரியவர்கள் பேசி முடிப்பதை ஆட்சி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்னதைக் கேட்காத குடும்பத்தைத் தள்ளி வைக்கிறார்கள் என்றால் அப்போது அந்தச் சொல் பொருந்தும். நம்முடைய ‘நாலு பேர்’ வேடிக்கையான சொல். “நாலு பேர் என்ன சொல்வாங்க” என்றால் ஊர் முழுக்க. “அந்த நாலு பேர் வெச்சதுதான் சட்டம்” என்றால் சிலராட்சி.

ஆரணி வாசகர்: ஆரணி ஜாகீர்?

சேராது. ஜாகீர் என்றால் அரசு ஒருவருக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதி. அதை ஆண்ட ஜாகீர்தார் ஒருவர்தான், அவருக்கு மேலேயும் ஓர் அரசு இருந்தது.

ஆம்பூர்க்காரர்: பேப்பரில் மியான்மர் ‘ஜுண்டா’ என்று போடுகிறார்களே?

ஸ்பானிஷ் சொல். கூடியவர்கள், மன்றம் என்றுதான் பொருள். 1808ல் நெப்போலியனை எதிர்த்து ஸ்பெயின் ஊர்களில் அமைந்த குழுக்களுக்கும் இதே பேர்தான். ராணுவ வாடை பிற்பாடு ஒட்டியது. தமிழில் ‘ராணுவ ஆட்சிக்குழு’ என்றால் போதும்.

வாணியம்பாடியிலிருந்து ஒருவர்: சிலராட்சியைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

சேர்த்து. ‘அங்கே சிலர் ஆட்சி நடத்தினார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் யார் அந்தச் சிலர் என்று தேட ஆரம்பித்துவிடுவார்.